ஊதா மைக்காரன்

பிப்ரவரி 10, திங்கள்

மதியின் இயற்பியல் கைடு திடீரென்று பருமனாகிவிட்டதாக மூன்று நாளாக எனக்குச் சந்தேகம். இன்று மாலை அவள் பால் வாங்கப் போன நேரத்தில் தூக்கிப் பார்த்தேன். கைடு ஒல்லியாகத்தான் இருக்கிறது. அதற்கு அடியில் 'மழைக்கள்ளி' என்றொரு நாவல். அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம். அட்டையில் ஒரு பெண் மேகத்தைத் தாவணி மாதிரி இழுத்துக்கொண்டு ஓடுகிறாள். பின்னால் சட்டைக்குப் பொத்தான் போடாத ஓர் இளவரசன்.

பிளஸ் டூ பொதுத்தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கிறது.

"எங்கேருந்து வந்துச்சு இது?"

"புக் ஃபேர்ல வாங்கினதும்மா."

"யார் வாங்கிக் குடுத்தா?"

நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவர் பேப்பரைத் திருப்பி மறுபக்கம் படிக்கத் தொடங்கினார். அவர் என்றால் என் வீட்டுக்காரர் தணிகாசலம். அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். இந்த மாதம் முழுக்க இரவு ஷிப்ட்.

"இன்னும் இருநூத்திச் சொச்சம் பக்கம்தாம்மா. அகரன் செத்தானா இல்லையான்னு மட்டும் பாத்துட்டுக் குடுத்துடறேன்."

"பரீட்சை முடியற அன்னைக்கு வாங்கிக்கோ."

"அப்படின்னா அதுவரைக்கும் நான் உங்கிட்ட பேச மாட்டேன்."

குரல் உயரவில்லை. கதவையும் அறைந்து சாத்தவில்லை. அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

சிலிண்டர் பதிவு செய்யச் சொல்லி அவரிடம் இரண்டாம் முறை சொன்னேன். தலையாட்டினார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

வீட்டில் வைத்தால் கண்டுபிடித்துவிடுவாள் என்று புத்தகத்தை அலுவலகப் பையில் போட்டுக்கொண்டேன். திருவள்ளூரில் ஏழு நாற்பது லோக்கல், பெண்கள் பெட்டி. பிலோமினாக்கா எனக்காக ஜன்னல் சீட்டில் துணிப்பையைப் போட்டு வைத்திருந்தார். அவர் அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். ஆவடியில் மெஹருன்னிசா ஏறினாள். பெரம்பூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். பன்னிரண்டு வருடமாக நாங்கள் மூன்று பேரும் இந்த வண்டியில்தான் போகிறோம். கீரை ஆய்ந்திருக்கிறோம், மெஹருவின் இரண்டு குழந்தைகளுக்கும் பெயர் தேடியிருக்கிறோம். நாவல் படித்ததில்லை.

"பிள்ளைங்க எதைப் படிக்குதுன்னு நமக்குத் தெரியணும்ல" என்று சொல்லிப் பிரித்தேன்.

"ஆமா, கடமை" என்றார் பிலோமினாக்கா, நெருங்கி உட்கார்ந்தபடி.

கதை இதுதான். துமி என்ற பெண் எதிரி நாட்டு மேகங்களைத் திருடி, குடத்தில் அடைத்து, வறண்டுபோன தன் ஊருக்குக் கொண்டுவருகிறாள். குடம் தூக்குகிறவன் கொற்றன், சின்ன வயதிலிருந்து கூட இருக்கும் தோழன். அவளைப் பிடிக்க வருகிறவன் எதிரி நாட்டு இளவரசன் அகரன். அவனுக்கு ஒரு சாபம் உண்டு. அவனைத் தொட்டவர்கள் மறுநாள் காலை வரைக்கும் பொய் சொல்ல முடியாது.

"ஐயோ, நான் தொடமாட்டேன்பா" என்றார் பிலோமினாக்கா. "நான் ஒரு நாள் முழுக்க உண்மை பேசினா, அன்னைக்கே எனக்குப் பிரிவு உபசார விழா வச்சிடுவாங்க."

"அழகா இருந்தா?" என்றாள் மெஹரு.

"அழகா இருந்தா க்ளவுஸ் போட்டுத் தொடுவேன்."

"அது இருக்கட்டும்க்கா. மேகத்தைக் குடத்துல அடைச்சா கன அளவுதான் குறையும், எடை குறையாது. அந்தக் கொற்றன் எப்படித் தூக்கறான்?"

பெரம்பூர் வந்தும் மெஹரு இறங்காமல் நின்றாள். "தொட்டாளா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கக்கா."

எனக்கு எப்படித் தெரியும். நான் முன்கூட்டிப் புரட்டிப் பார்க்கிறவள் இல்லை.

(பேசின் பிரிட்ஜ் வருவதற்குள் தெரிந்துவிட்டது. பக்கம் 74. தொட்டாள்.)

பிப்ரவரி 13, வியாழன்

புத்தகத்தின் ஓரங்களில் நிறைய எழுதியிருக்கிறார்கள். மூன்று பேர். பச்சை மை மதியுடையது. எங்கள் அலுவலகத்தில் பச்சை மை இணை இயக்குநர் ஒருவருக்குத்தான் உரியது. இவள் பக்கத்துக்குப் பத்து இடத்தில் குறிப்பெழுதி வைத்திருக்கிறாள். நீலம் அவள் தோழி மிருதுளா. புள்ளி வைக்க வேண்டிய இடத்திலெல்லாம் இதயம் வரைவது அந்தப் பெண்தான். மூன்றாவது ஊதா. பொடி எழுத்து, அச்சுக் கோத்த மாதிரி தனித்தனியாக. யாரென்று தெரியவில்லை.

பக்கம் 74:

பச்சை: 'நான் செத்துட்டேன்.'

நீலம்: 'நானும். என்னை அகரன் பக்கத்துல புதைங்க.'

ஊதா: 'இறந்தவர்கள் கவனத்துக்கு: மழையில் குடத்தைப் பிடித்துக்கொண்டு கொற்றன் இன்னும் வெளியே நிற்கிறான்.'

சிரித்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது. இது பெண்பிள்ளைகள் எழுதுகிற மாதிரி இல்லை. பையன்.

பிலோமினாக்காவிடம் காட்டினேன். "டியூஷன்ல பையனுங்க இருக்காங்களா?" என்றார்.

"பன்னண்டு பேர்."

மெஹரு புத்தகத்தை வாங்கி நெருக்கமாக வைத்துப் பார்த்தாள். "எந்தப் பையனும் இவ்ளோ அழகா எழுதமாட்டான்க்கா. தினம் நாப்பது பேப்பர் திருத்தறேன், எனக்குத் தெரியும்."

பிப்ரவரி 17, திங்கள்

பக்கம் 190. மூன்று நாள் குதிரையில் வந்து கொற்றன் குடத்தைக் கொடுக்கிறான். துமி வாங்கிக்கொண்டு, "அகரன் எங்கே?" என்று கேட்கிறாள்.

ஊதா: 'மூன்று நாள் குதிரை ஓட்டி வந்தவனைச் சாப்பிட்டாயா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கதை எழுதினவர்கூட.'

பிலோமினாக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் கொற்றன் கட்சி. இனிமே மாறமாட்டேன்."

"கொற்றன் நல்லவன்தான்க்கா" என்றாள் மெஹரு. "ஆனா நல்லவனா இருக்கறதெல்லாம் ஒரு வேலையா? அகரன் உள்ள வந்தா பக்கமே சூடாகுது."

நானும் அகரன் கட்சிதான். "நல்லவன் ஒருத்தன் வீட்டுக்கு வீடு இருக்கான். புத்தகத்துலயும் அவனே எதுக்கு?" என்றேன். எதிர் சீட்டில் இருந்த முன்பின் தெரியாத அம்மாள் கையைத் தட்டினார்.

பிப்ரவரி 18, செவ்வாய்

காலை ஏழு மணிக்கு அவர் ஷிப்ட் முடிந்து வந்தார். நான் தலை பின்னிக்கொண்டிருந்தேன். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன்.

ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். "ராத்திரியா, இப்பவா?"

"ரெண்டும்தான்."

"கேன்டீன்ல உப்புமா போட்டான். பாதி வச்சுட்டேன்."

என்னைப் பார்த்தார். ஆணியில் மாட்டியிருந்த என் பையைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். பையை எதற்குப் பார்த்தார் என்று தெரியவில்லை. அவசரமாக இரண்டு தோசை வார்த்துக் கொடுத்துவிட்டு ஓடினேன்.

மதி பேசாமல் இருப்பது ஒன்பதாம் நாள். வேண்டியதைச் சீட்டில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுகிறாள். இன்றைய சீட்டு: 'நோட்டு. கோடு போட்டது. இரண்டு.' வாங்கி வந்தேன்.

பிப்ரவரி 20, வியாழன்

பக்கம் 233இல் அரண்மனைச் சாவி யாரும் இல்லாத இடத்தில் கிடக்கிறது. துமி எடுத்துக்கொண்டு ஓடுகிறாள். இத்தனை கவனக்குறைவான அரண்மனையை நான் பார்த்ததில்லை. கண்காணிப்பாளராகப் பதினெட்டு வருடம் கோப்பு பார்த்த கை சும்மா இருக்கவில்லை. பென்சிலால் எழுதினேன்: 'சாவியை அங்கே வைத்தது யார் பொறுப்பு? உரிய அலுவலரிடம் விளக்கம் கேட்கப்பட வேண்டும்.'

அதற்குக் கீழே: 'ஊதா மைத் தம்பிக்கு: பரீட்சை நேரத்தில் உனக்கு இதெல்லாம் எதற்கு? படிக்கிற வேலையைப் பார்.'

பென்சில்தான். திருப்பிக் கொடுப்பதற்குள் அழித்துவிடலாம்.

பிப்ரவரி 21, வெள்ளி

கீழே ஊதா மையில் பதில் இருக்கிறது.

'சரிங்க மேடம். ஆனால் சாவியை வைத்தது கொற்றன். பார்வை: பக்கம் 198.'

வண்டியில் இரண்டு பேரிடமும் காட்டினேன். பக்கம் 198ஐப் பார்த்தேன். சரியாகத்தான் சொல்லியிருக்கிறான்.

"ராத்திரி பை எங்க இருந்துச்சு?" என்றாள் மெஹரு.

"வீட்லதான். ஆணியில."

"வீட்ல யார் யார் இருக்கீங்க?" என்று பிலோமினாக்கா கேட்டார்.

"நான், மதி, அவர். மதிதான் எடுத்துட்டுப் போய் அந்தப் பையன்கிட்ட குடுத்து, திருப்பி வச்சிருக்கணும்."

"அவரு?"

"அவரா? அவர் பேப்பர்ல ராசிபலனைத் தாண்டிப் படிக்கமாட்டார்க்கா."

பிலோமினாக்காவும் மெஹருவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எதற்கு என்று கேட்டால் இரண்டு பேரும் ஜன்னல் வழியாக வில்லிவாக்கத்தைப் பார்க்கிறார்கள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

துணி துவைத்தேன். அவருடைய சட்டைப் பையில் மைக்கறை. எலுமிச்சை தேய்த்தும் போகவில்லை. கம்பெனியில் என்ன பேனா கொடுக்கிறார்களோ.

புத்தகத்தை அரிசி டிரம்முக்குள் பாதி ஆழத்தில் புதைத்து வைத்தேன். மதி சமையலறைப் பக்கமே வருவதில்லை. வந்தாலும் டிரம் எது, தண்ணீர்க் கேன் எது என்று அவளுக்குத் தெரியாது.

சிலிண்டரைப் பற்றி நான்காம் முறை சொன்னேன்.

பிப்ரவரி 24, திங்கள்

டிரம்முக்குள் வைத்தும் வந்துவிட்டான். பக்கங்களுக்கு நடுவில் ஐந்தாறு அரிசி.

பக்கம் 260இல் நான் எழுதியிருந்தது: 'முத்தத்துக்கு மூன்று பக்கம் தேவையற்றது. மூன்று வரி போதும்.'

ஊதா: 'மூன்று பக்கத்துக்கும் வரி விடாமல் பென்சில் கோடு போட்டிருக்கிறீர்களே மேடம்.'

வண்டி குலுங்கியதில் விழுந்த கோடுகள் அவை.

பிப்ரவரி 25, செவ்வாய்

பக்கம் 301. துமியைச் சிறையில் போடுகிறார்கள். அங்கே முகடி என்று ஒரு காவல்காரி. இடுப்பில் சாவிக்கொத்து, எதையும் எண்ணி எண்ணி வைப்பவள், சிரிக்காதவள். அந்தப் பத்தியை வட்டமிட்டு எழுதியிருக்கிறார்கள்.

பச்சை: 'எங்க வீட்ல ஒருத்தங்க இருக்காங்க. இதே சாவிக்கொத்து.'

நீலம்: 'ஆன்ட்டி கேட்டா நீ காலி.'

ஊதா: 'முகடிக்குப் பூட்டுவதில் ஆசை ஒன்றும் இல்லை. அவள் மறந்தால் பூட்ட வேறு ஆள் கிடையாது. அது அவளுக்குத் தெரியும்.'

வண்டியில் இதை வாசித்துக் காட்டவில்லை. அடுத்த பக்கத்துக்குத் தாவிவிட்டேன். "நடுவுல ஏதோ விட்ட மாதிரி இருக்கே" என்றார் பிலோமினாக்கா. "அச்சுப் பிழை" என்றேன்.

அந்தப் பக்கத்தில் நான் எதுவும் எழுதவில்லை.

பிப்ரவரி 26, புதன்

அந்தப் பையன் மோசமானவனாகத் தெரியவில்லை. தன் சிநேகிதியே கேலி செய்கிற இடத்தில் பெரியவர்களை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறவன். படித்து, ஒரு வேலைக்குப் போய், ஏழெட்டு வருடம் கழித்து வீட்டாரோடு முறையாக வந்து கேட்டால் யோசிக்கலாம். நான் எதையும் முடிவு செய்யவில்லை. யோசிக்கலாம் என்றுதான் எழுதுகிறேன்.

மெஹருவிடம் இதைச் சொன்னபோது அவளுக்குப் புரையேறிவிட்டது. பிலோமினாக்கா முதுகில் தட்டினார். அவர் தோளும் குலுங்கியது.

பிப்ரவரி 27, வியாழன்

திங்கட்கிழமை பரீட்சை. இதை இன்றே முடித்தாக வேண்டும். பக்கம் 388, மதி படித்து நிறுத்திய இடம். அங்கே தெளிவாக எழுதினேன்: 'நீ யார்? உண்மையைச் சொல். நான் கோபப்பட மாட்டேன்.'

புத்தகத்தை எங்கும் ஒளிக்கவில்லை. பையைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

ஆவடி தாண்டியதும் பிரித்தேன். இரண்டு பேரும் என் தோள்மேல் சாய்ந்திருந்தார்கள்.

'அகரனைத் தொடாமலே உண்மையைச் சொல்கிறேன். சிலிண்டர் பதிவு செய்துவிட்டேன். நாளை வரும்.'

நான் இரண்டு முறை படித்தேன். எனக்கு முன்னால் பிலோமினாக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உனக்கு இப்பத்தான் தெரியுதா குணா? எங்களுக்குப் போன வெள்ளிக்கிழமையே தெரியும்."

"ஏன்க்கா சொல்லல?"

"நீங்கதான் ராசிபலன்னு சொல்லிட்டீங்களே" என்றாள் மெஹரு.

அலுவலகத்தில் இன்று ஒரு கோப்பும் நகரவில்லை. என் வீட்டுக்காரர் எழுத்தே எனக்கு அடையாளம் தெரியவில்லை. இருபது வருடம். ரேஷன் கார்டு படிவத்திலிருந்து மதியின் பள்ளி விண்ணப்பம் வரைக்கும் எல்லாவற்றையும் நான்தான் நிரப்புகிறேன். அவர் கையெழுத்து மட்டும் போடுவார். அவர் நாலு வார்த்தை சேர்த்து எழுதி நான் எப்போது பார்த்தேன் என்று சென்ட்ரலில் இறங்கியதிலிருந்து யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை.

மாலை வீட்டுக்கு வந்தேன். மதி மாடியில் படித்துக்கொண்டிருந்தாள். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்தேன்.

"நாப்பத்தொன்பது வயசு ஆளைத் தம்பின்னு கூப்பிட்டிருக்க" என்றார், தலை நிமிராமல்.

"எப்பேருந்து?"

"புக் ஃபேர்லேருந்து. அவதான் வேணும்னு கேட்டா. வாங்கிக் குடுத்துட்டு, பஸ்ல சும்மா பிரிச்சேன். கிண்டி தாண்டறதுக்குள்ள நாப்பது பக்கம் போயிருச்சு. அப்புறம் அந்த மிருதுளா பொண்ணும் சேர்ந்துகிச்சு. மூணு பேரும் மாத்தி மாத்திப் படிச்சோம். நீ பிடுங்கினப்புறம், நீ சமையல்ல இருக்கறப்ப எடுத்து மிச்சத்தை நான் மட்டும் முடிச்சேன். மதிகிட்ட மூச்சு விடல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ பிடுங்கிடுவேன்னு."

"பிடுங்கினேன்தான்."

"பிடுங்கின" என்று ஒத்துக்கொண்டார்.

நான் ஏழாம் தேதி அலுவலகத்திலிருந்து சீக்கிரம் வந்தது நினைவுக்கு வந்தது. கேட்டைத் திறக்கும்போது உள்ளே சிரிப்புச் சத்தம். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் நின்றுவிட்டது. டிவி என்று நினைத்துக்கொண்டேன். டிவி ஓடவில்லை. அதைப் பற்றி அன்று நான் எதுவும் எழுதவில்லை, இப்போதும் பெரிதாக எழுதப்போவதில்லை.

"அந்தக் காவல்காரி பக்கம்" என்று ஆரம்பித்தேன்.

"படிச்சியா?"

"ம்."

"மதி வேணும்னு எழுதல. வயசு அப்படி."

"அதைக் கேக்கல. நீங்க எழுதினது."

வெங்காயத்தைக் கீழே வைத்தார். "அது கதையைப் பத்தித்தான் எழுதினேன்" என்றார். அவர் கண்ணில் நீர். வெங்காயம் காரம்.

மார்ச் 1, சனி

சிலிண்டர் வந்தது.

புத்தகத்தை முடித்துவிட்டேன். 544ஆம் பக்கத்தில் தண்ணீர் பாட்டில் கசிந்து கொஞ்சம் நனைந்துவிட்டது. அவர் கைக்குட்டை கொடுத்தார், பாட்டிலைத் துடைக்க.

மார்ச் 2, ஞாயிறு

நாளை தமிழ்ப் பரீட்சை. மதி சாப்பிடாமல் ரசத்தைக் கிளறிக்கொண்டிருந்தாள். முகம் சின்னதாகிவிட்டது. இருபது நாளாகப் பேசாத பெண்ணிடம் எதைச் சொல்லித் தொடங்குவது? நன்றாக எழுது என்றால் அது மிரட்டல் மாதிரி இருக்கும்.

"அகரன் சாகல" என்றேன்.

கரண்டி நின்றது. அவர் அப்பளத்தைப் பாதி வாயில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா சொன்ன?" என்றாள். அழப்போகிறாளா, அடிக்கப்போகிறாளா தெரியவில்லை. "யாராவது முடிவைச் சொல்வாங்களா? இருபது நாளா அதைத்தான் நினைச்சிட்டு இருக்கேன். நீ பாட்டுக்கு ரசம் ஊத்தற மாதிரி சொல்ற." மூச்சு வாங்கினாள். பிறகு, "நீ படிச்சியா?"

"இன்ஸ்பெக்ஷன் பண்ணேன்."

"எப்படித் தப்பிச்சான்?"

"தமிழ்ப் பரீட்சை எழுதிட்டு வா."

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் அப்பளத்தைப் பார்த்தார். "உனக்கும் தெரியுமாப்பா?" அவர் மென்று முடிக்க அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

இரண்டு முறை சாதம் போட்டுக்கொண்டாள்.

மார்ச் 3, திங்கள்

அலுவலகத்திலிருந்து ஆறு பெரிய கிளிப் எடுத்து வந்தேன். 388க்குப் பின்னால் உள்ள பக்கங்களை ஆறாகப் பிரித்துக் கிளிப் போட்டேன். ஆறு பரீட்சை, ஆறு கிளிப். ஒரு பரீட்சை எழுதி வந்தால் ஒரு கிளிப் கழற்றப்படும். இது லஞ்சம் என்றார் அவர். ஊக்கத்தொகை என்றேன்.

என் பென்சில் குறிப்புகளை அழிக்க நேரம் கிடைக்கவில்லை. ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் அழித்தேன்.

மதி தமிழ் நன்றாக எழுதியிருக்கிறாளாம். முதல் கிளிப்பைக் கழற்றிக் கொடுத்தேன்.

மார்ச் 6, வியாழன்

இரண்டாம் கிளிப்.

மார்ச் 11, செவ்வாய்

மூன்றாம் கிளிப். வண்டியில் இரண்டு பேருக்கும் இன்னும் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். மெஹரு நோன்பு. "முத்தம் வந்தா வாசிக்காதீங்கக்கா, சாயங்காலம் நோன்பு திறந்தப்புறம் ஃபோன்ல சொல்லுங்க" என்றாள். ஆறு முப்பத்தைந்துக்கு அவளே கூப்பிட்டுவிட்டாள்.

மார்ச் 14, வெள்ளி

மதி காப்பி கேட்டு அடுப்படிக்கு வந்தாள். வந்தவள் போகவில்லை.

"301ல பென்சில்ல எழுதி அழிச்சிருக்க."

"எதுவும் எழுதல."

"வெளிச்சத்துல சாய்ச்சு வச்சா தெரியுதும்மா. 'அப்படியா தெரிகிறேன்?'னு இருக்கு."

காப்பியை இன்னொரு முறை ஆற்றினேன். தேவைக்கு மேல் ஆறிவிட்டது.

"நான் அதுக்குப் பதில் எழுதிட்டேன்" என்று சொல்லிவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள். அவள் மாடி ஏறியதும் போய்ப் பார்த்தேன். நான் அழித்த இடத்துக்கு நேர் கீழே, பச்சை மை:

'சில நாள். சில நாள் இல்ல. சிலிண்டர் தீர்ந்த அன்னைக்குக் கண்டிப்பா.'

அதற்குக் கீழே நீலத்தில் ஒரு இதயம். இந்த மிருதுளா எப்போது வந்து போனாள்?

நாளை அவளுக்குப் பிடித்த சேனை வறுவல்.

மார்ச் 25, செவ்வாய்

பரீட்சை முடிந்தது. ஆறாம் கிளிப். மதியும் மிருதுளாவும் அறைக்குள் போய் ஒன்றரை மணி நேரம் சத்தமே இல்லை. பிறகு ஒரு அலறல். துமி கடைசிப் பக்கத்தில் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. மேகத்தின்மேல் ஏறி நிற்கிறாள், கீழே இந்தப் பக்கம் அகரன், அந்தப் பக்கம் கொற்றன், அவ்வளவுதான். மீதி இரண்டாம் பாகத்திலாம்.

"ஆன்ட்டி, இது அநியாயம்" என்று மிருதுளா என்னிடம் முறையிட்டாள். இந்தப் பெண் இதுவரை என்னிடம் "மதி இருக்காளா?" என்பதைத் தவிர எதுவும் பேசியதில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

பிலோமினாக்காவும் மெஹருவும் முதல் முறையாக எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். துமி யாரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை வண்டியில் தீர்க்க முடியவில்லை. மெஹரு டப்பா நிறையச் சேமியா கொண்டுவந்தாள். பிலோமினாக்கா கொண்டுவந்தது குரல் மட்டும்.

இலை போடுவதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

"அகரன் துமிக்காக நாட்டையே விட்டுட்டு வந்திருக்கான் ஆன்ட்டி" என்றாள் மதி.

"விடறதுக்கு அவங்கிட்ட நாடு இருந்துச்சு, விட்டான்" என்றார் பிலோமினாக்கா. "கொற்றன்கிட்ட இருந்தது ஒரு தோளு. அதுலயும் குடம் இருந்துச்சு."

"அதுக்காகக் கல்யாணம் பண்ணிக்க முடியுமா?" என்றாள் மிருதுளா. "குடம் தூக்கறது லவ்வா?"

"நாலு வருஷம் தூக்கிப் பாரு, சொல்றேன்."

மெஹரு கணக்குப் போட்டு வந்திருந்தாள். அகரன் மொத்தம் 212 பக்கத்தில் வருகிறான், கொற்றன் 340 பக்கத்தில். "ஆனா கொற்றன் பேசற வசனம் மொத்தமே முப்பத்தொண்ணு. மீதி நேரமெல்லாம் பின்னாடி நிக்கறான். அப்படியும் நான் அகரன்தான்க்கா. கணக்கு வேற, மனசு வேற."

அவர் பரிமாறிக்கொண்டிருந்தார். "சார், நீங்க?" என்று மெஹரு கேட்டாள்.

"கொற்றன்" என்றார். சாம்பார் வாளியோடு அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

கை தூக்கி எண்ணினோம். அகரனுக்கு மதி, மிருதுளா, மெஹரு. கொற்றனுக்கு பிலோமினாக்கா, அவர்.

"அம்மா அகரன். நாலுக்கு ரெண்டு" என்று மதி முடிவை அறிவித்தாள்.

"நான் இன்னும் போடல" என்றேன்.

"நீ மொதல்லேருந்தே அகரன்தானேம்மா. 260ல அத்தனை கோடு போட்டிருக்க."

"கொற்றன்" என்றேன்.

மிருதுளா வாயில் வைத்த சேமியாவை விழுங்காமல் என்னைப் பார்த்தாள். மதி துரோகி என்றாள். மெஹரு மூன்றுக்கு மூன்று என்றாள். பிலோமினாக்கா எழுந்து நின்று இரண்டு இலைக்கு அப்பால் இருந்த என் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார்.

"காரணம் சொல்லு" என்று மதி விடவில்லை.

"நாவலை ஒழுங்காப் படிச்சா தெரியும்" என்றேன். நாவலை முன்னிட்டு எடுத்த முடிவுதான் அது. கதையமைப்பின்படி கொற்றனுக்கே நியாயம் இருக்கிறது.

எல்லோரையும் ஐந்து மணி வண்டிக்கு அனுப்பிவிட்டுப் பாத்திரம் துலக்கினேன். அவர் துடைத்தார். ஏழெட்டுப் பாத்திரம் முடிந்திருக்கும்.

"நிஜமாத்தான் போட்டியா?" என்றார்.

"எதை?"

"ஓட்டை."

"எல்லார் முன்னாடியும்தானே கை தூக்கினேன்."

தலையாட்டினார். கையில் இருந்த தட்டை முன்னும் பின்னும் திருப்பித் திருப்பித் துடைத்துக்கொண்டே நின்றார்.

"அது காஞ்சு ரொம்ப நேரமாச்சு, குடுங்க" என்று வாங்கி அடுக்கினேன்.